தடம் பார்க்கத் தெரிந்தவர்கள்: இருளர் வேட்டைக்காரர்களிடம் நகரம் கற்றது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரியில் செங்கல்பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர் இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்பது அவர்கள் பெயர். ஐம்பதைத் தாண்டிய வயது, முறையான பள்ளிப் படிப்பு இல்லை, ஆங்கிலம் தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் உடன் சென்றார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிக் கிடக்கும் பர்மிய மலைப்பாம்பை அவர்களால் கண்டுபிடிக்க முடிகிறதா, அவர்களுடைய முறை அந்த மண்ணில் செல்லுமா என்று பார்ப்பதற்காக அம்மாநில வனவிலங்கு ஆணையமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அவர்களை அழைத்திருந்தன. திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 68,888 டாலர்.

ரேடியோ கருவி, மோப்ப நாய், ஆய்வுக்கூடம், முனைவர் பட்டம் பெற்றவர்கள் என எதற்கும் அங்கே குறைவில்லை. பிறகு எதற்காக, எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு வேட்டைக்காரர்களை உலகின் மறுகோடியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது? அவர்களோடு நடந்த நகரத்து ஆட்களுக்குக் கற்றுக்கொள்ள அங்கே என்ன இருந்தது? இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். பதிலில் பாதி ஃபுளோரிடாவில் கிடைக்கிறது. மீதிப் பாதிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலிக்கு வர வேண்டும்.

கண்ணில் படாத பாம்பு

பர்மிய மலைப்பாம்பு ஃபுளோரிடாவுக்கு அந்நியம். வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழியாக வந்து, தப்பித்தும் கைவிடப்பட்டும் சதுப்புநிலத்துக்குள் போய், 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கேயே குட்டிபோட்டுக் குடியேறிவிட்டது என்று உறுதியானது. சரியாகச் சொன்னால், முட்டையிட்டு. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சாலையோரம் தென்படும் பாலூட்டிகளைப் பாம்பு பெருகும் முன்னும் பெருகிய பின்னும் எண்ணி ஒப்பிட்டது. ராக்கூன் 99.3 விழுக்காடும், ஒப்போசம் 98.9 விழுக்காடும், பாப்கேட் என்னும் காட்டுப்பூனை 87.5 விழுக்காடும் குறைந்திருந்தன.

இத்தனையையும் தின்று தீர்த்த பாம்பு யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் அங்கே பெரிய தொல்லை. ஓரிடத்தில் பாம்பு இருக்கிறது என்று தெரிந்தே தேடினாலும் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து மீட்டர் நீளமுள்ள உயிர் சருகோடு சருகாகக் கிடக்கும். காலடியில் இருந்தாலும் அசையாது. பொறி வைத்தார்கள். நாய்களைப் பழக்கினார்கள். ஆண் பாம்புக்குள் ரேடியோ பொருத்தி விட்டு, அது பெண் பாம்பைத் தேடிப் போகும்போது பின்தொடர்ந்தார்கள். போட்டி வைத்துப் பரிசும் அறிவித்தார்கள். 2016இல் நடந்த போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். ஒரு மாத முடிவில் பிடிபட்டவை 106.

அவர்கள் செய்தது

அங்கே பாம்பு தேடுவோரில் பெரும்பாலோர் கால்வாய்க் கரைச் சாலைகளில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு ஓரங்களைப் பார்ப்பார்கள். அதில் தவறில்லை. பரப்பு பெரிது, குளிர்ந்த பொழுதில் பாம்பும் வெயில் காயக் கரைக்கு வரும். ஆனால் வண்டி போகும் இடம்தான் அவர்கள் தேடும் இடமாகிவிடுகிறது.

இருளர்கள் வண்டியிலிருந்து இறங்கிப் புதருக்குள் போனார்கள். கையில் குட்டையான இரும்புக் கம்பி மட்டும் இருந்தது. தேவைப்பட்ட இடத்தில் தவழ்ந்தும் போனார்கள். அவர்கள் பாம்பைத் தேடவில்லை, பாம்பு விட்டுப்போனதைத் தேடினார்கள் என்று சொல்வது பொருந்தும். மடங்கிய புல், சேற்றில் வயிறு இழுபட்ட தடம், எச்சம், உரித்த சட்டை. தடம் கிடைத்தால் அது எந்தப் பக்கம் போனது, எவ்வளவு பருமன், எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்ற மூன்றையும் கணித்த பிறகே அடுத்த அடி.

தொடங்கிச் சில நாட்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்ததாக வனவிலங்கு ஆணையம் அறிவித்தது. அவற்றில் நான்கு கீ லார்கோ தீவிலுள்ள முதலைக் காப்பகத்தில் கிடைத்தவை. ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. பனிப்போர்க் காலத்தில் கட்டிக் கைவிட்ட ஏவுகணைத் தளத்தின் குழியிலிருந்து எடுக்கப்பட்டது. நான்கு வாரம் நிறைவதற்குள் மொத்தம் 27 ஆனது. அழியும் நிலையிலுள்ள ஒருவகைக் காட்டெலிக்கு அந்தத் தீவுதான் வீடு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் வயல் எலி பிடித்துப் பிழைத்த குலத்தார் அங்கே எலியைக் காப்பாற்றப் போயிருந்தார்கள்.

எண்ணிக்கையைப் படிக்கும் முறை

இந்தச் செய்தி தமிழ்நாட்டில் பரவியபோது, ஆயிரம் அமெரிக்கர்கள் செய்யாததை இரண்டு இருளர்கள் செய்தார்கள் என்ற பாணியில்தான் பெரும்பாலும் பேசப்பட்டது. பெருமைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் ஆய்வாக எழுதும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுத்த எல்லோரும் நாள் தவறாமல் களத்தில் இருந்தவர்கள் அல்ல. பலருக்கு அது வாரயிறுதிப் பொழுதுபோக்கு. இருளர்கள் முழுநேரமும் அதே வேலையாக இருந்தார்கள். மோப்ப நாய்களும் ஆய்வாளர்களும் அந்தத் திட்டத்தில் உடனிருந்தார்கள். ஜனவரி அங்கே குளிர்காலம், பாம்பு வெயிலுக்கு வெளியே வரும் காலம், இணைசேரும் பருவமும்கூட. இவற்றை ஒதுக்கிவிட்டு 27ஐயும் 106ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமான ஒப்பீடு ஆகாது.

ஒழிக்க வேண்டிய பாம்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தாலும் 27 மிகச் சிறியது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஃபுளோரிடாவில் அகற்றப்பட்ட மலைப்பாம்புகள் 20,000ஐத் தாண்டிவிட்டன. இன்னும் பாம்பு தீரவில்லை. 2017 மார்ச்சில் தெற்கு ஃபுளோரிடா நீர் மேலாண்மை அமைப்பு உள்ளூர் வேட்டைக்காரர்களை மணிக்கணக்குக் கூலிக்கு அமர்த்தி, பாம்பின் நீளத்துக்கு ஏற்ப ஊக்கத்தொகையும் கொடுக்கத் தொடங்கியது. அங்கே நிலைத்தது அந்த வழிதான். ஆக, இந்த நிகழ்வின் மதிப்பு பாம்புக் கணக்கில் இல்லை.

எனக்கு வியப்பாகப் படுவது வேறொன்று. செங்கல்பட்டு வயல்வரப்பில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் பிடித்துப் பழகிய இருவர், முன்பின் பார்த்திராத ஒரு சதுப்புநிலத்தில், முன்பின் பிடித்திராத ஓர் இனத்தை, போன சில நாட்களிலேயே கண்டுபிடித்தார்கள். வட்டார அறிவு என்றால் அந்த வட்டாரத்தோடு நின்றுவிடும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இங்கே அது கடல் தாண்டியும் வேலை செய்தது. இந்த மரத்தடியில் பாம்பு இருக்கும், அந்தப் புற்றில் இருக்கும் என்ற பட்டியலாக மட்டும் அவர்களுடைய அறிவு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவர்களிடம் இருப்பது கேள்விகள். இந்தப் பிராணிக்கு இன்றைய வெயிலில் எங்கே சூடு கிடைக்கும்? இரை எந்தப் பக்கம்? தண்ணீர் எங்கே? ஆள் நடமாட்டம் கேட்டால் எதற்குள் போகும்? கேள்வி மாறுவதில்லை; நிலம் மாற மாறப் பதில்தான் மாறுகிறது. நம் மலைப்பாம்பு பர்மிய மலைப்பாம்புக்கு நெருங்கிய உறவு என்பதால் உடம்பின் போக்கு ஓரளவு பழக்கமானதாகவும் இருந்திருக்கும்.

தோல், சட்டம், சங்கம்

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கிடைக்கும் வரலாறு அவ்வளவு அழகானதாக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, பாம்புத் தோல் வெளிநாட்டுக்குப் போய்க் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆனது. அந்தத் தோலைத் திரட்டிக் கொடுத்தவர்களில் இருளர்கள் முக்கியமானவர்கள். வேலை அவர்களுடையது, லாபம் வியாபாரியுடையது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1970களின் நடுவில் தோல் ஏற்றுமதி நின்றது. சட்டம் சரியானதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்த ஒரே தொழில் ஒரே வீச்சில் குற்றமாக மாறியது. எலி பிடித்தும், கரையான் பிடித்தும், அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமையாகப் போயும் பிழைத்த குடும்பங்கள் பல.

இங்கேதான் ரோமுலஸ் விட்டேகர் வருகிறார். 1943இல் நியூயார்க்கில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியா வந்தவர்; 1960களில் அமெரிக்காவின் மயாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புக் காட்சியகத்தில் வேலை செய்து நஞ்செடுக்கும் கலையைப் பார்த்தவர். திரும்பி வந்து சென்னையைச் சுற்றியுள்ள காடுகளிலும் வயல்களிலும் இருளர்களோடு அலைந்தார். 1969இல் சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கினார்; அது பின்னர் கிண்டிக்கு மாறியது. பாம்பு அறிவியலில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெயரில் பெரும்பங்கு இருளர்களின் கண்ணுக்கும் காலுக்கும் உரியது என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. பின்னாளில் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 2018இல்.

1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது. யோசனை எளிமையானது: பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு பிடித்து நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுவது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அங்கே வரும். வாய் அகன்ற மண்பானையில் மணல் போட்டு, பாம்பை இட்டு, பருத்தித் துணியால் வாயைக் கட்டி வைப்பார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு வாரம் ஒருமுறை நஞ்செடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாள வெட்டு வைத்து விடுவிப்பார்கள். அதே பாம்பு சீக்கிரமே திரும்பக் கையில் சிக்கினால் வெட்டைப் பார்த்து விட்டுவிடலாம். எடுத்த நஞ்சு உறைநிலையில் உலர்த்தப்பட்டு, முறிமருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து மருந்து பிரிக்கப்படுகிறது. இந்தியாவில் முறிமருந்துக்குப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கத்திலிருந்து போனதுதான்.

இதன் எடை புரிய வேண்டுமானால் ஓர் எண் போதும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்து உழவர்களும் கூலிகளும். நகரத்து மருத்துவமனையில் ஏற்றப்படும் ஒவ்வொரு குப்பி மருந்துக்குப் பின்னாலும், ஏதோ ஒரு வரப்பில் கடப்பாரையோடு குனிந்து நின்ற ஒருவர் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நஞ்செடுக்கும் கலையை ஒருவர் மயாமியில் பார்த்துவிட்டு வந்தார். அது இருளர்களிடம் சேர்ந்து ஒரு தொழிலானது. அந்த இருளர்களில் இருவரை 2017இல் மயாமிக்குப் பக்கத்திலேயே அழைத்துப் பாடம் கேட்டார்கள். யாரும் திட்டமிடாமல் நடந்த சுற்று இது.

கூட நடப்பவருக்குக் கிடைப்பது

இருளரோடு வேட்டைக்குப் போகும் நகரத்து ஆளுக்கு முதலில் ஏமாற்றம்தான் கிடைக்கும். பரபரப்பு எதுவும் இருக்காது. நடப்பார்கள், நிற்பார்கள், குந்தி உட்கார்ந்து ஒரு எலி வளையை வெறுமனே பார்ப்பார்கள். எழுந்து போய்விடுவார்கள். ஏன் அங்கே தோண்டவில்லை என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். வளை வாயில் சிலந்தி வலை குலையாமல் இருக்கிறது, அண்மையில் எதுவும் நுழைந்ததில்லை. இன்னொன்றில் ஈரமண் புதிதாக வெளியே தள்ளப்பட்டிருக்கிறது, எலி உள்ளே கவலையில்லாமல் வேலை பார்க்கிறது. மூன்றாவதன் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அங்கேதான் கடப்பாரை இறங்கும்.

வேட்டையில் கற்கக் கூடியவற்றுள் எதை முதலாவதாகச் சொல்வேன் என்றால், இந்த விலகிப்போகும் கலையைத்தான். நகரத்து வேலை முறை நமக்குக் கற்றுக்கொடுத்திருப்பது நேர்மாறானது: தொடங்கினால் முடி, தோண்டினால் அடிவரை போ, விட்டுவிடுவது தோல்வி. ஒரு நாள் முழுக்க நடக்கும் வேட்டைக்காரருக்கு உடம்பில் உள்ள தெம்புதான் மூலதனம். வெற்று வளையைத் தோண்டி அதைச் செலவழிக்க அவரால் முடியாது. ஆகவே இல்லை என்று விரைவாகவும் சரியாகவும் முடிவெடுப்பது அவருடைய திறமையின் பெரும்பகுதி. பிடித்த பாம்பைத்தான் நாம் எண்ணுகிறோம். அவர் தோண்டாமல் கடந்த நூறு வளைகளை எண்ணுவதில்லை. ஃபுளோரிடாவிலும் இதுவே நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பை உயர்த்த ஒரே வழி, தேட வேண்டிய இடத்தைச் சுருக்குவதுதான்.

அடுத்தது அச்சம் பற்றியது. இருளர்களுக்குப் பாம்பு நஞ்சு ஏறாது, அவர்களிடம் ரகசிய மூலிகை இருக்கிறது என்றெல்லாம் கதைகள் உண்டு. அவர்களையும் பாம்பு கடிக்கிறது. கடித்தால் அவர்களுக்கும் மருத்துவமனைதான், அவர்கள் எடுத்துக்கொடுத்த நஞ்சில் செய்த அதே மருந்துதான். அவர்கள் நிதானமாக இருப்பதற்குக் காரணம் அச்சமின்மை இல்லை. எதற்கு அஞ்ச வேண்டும், எவ்வளவு தூரத்தில் அஞ்ச வேண்டும் என்ற துல்லியம். கண்ணாடி விரியன் சீறுவது ஓர் எச்சரிக்கை, அதற்கு ஓர் எல்லை உண்டு. கட்டுவிரியன் பகலில் மந்தமாகக் கிடப்பதை நம்பிவிடக் கூடாது. காணொளிக்காக நல்ல பாம்பின் விரித்த படத்தைத் தொட்டு முத்தமிடும் இளைஞர்களை இவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். இருளர் கையில் பாம்பு இருக்கும் நேரம் மிகக் குறைவு. வாலைத் தூக்கி, துணிப்பைக்குள் விட்டு, முடிச்சுப் போட்டாயிற்று. பார்ப்பவர்களுக்காக எதையும் நீட்டிப்பதில்லை.

பேச்சு குறைவாக இருப்பதும் கவனிக்கத் தக்கது. இருவர் இருவராகப் போவது வழக்கம். கணவனும் மனைவியும் சேர்ந்து போவதும் உண்டு. சங்கத்தில் பெண் உறுப்பினர்களும் இருக்கிறார்கள், வேட்டையில் அவர்கள் துணைக்கு வருபவர்கள் அல்ல. ஒருவர் தோண்டும்போது மற்றவர் வளையின் மறுவாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் எதைச் செய்வது என்று அவர்கள் பேசி முடிவெடுப்பதில்லை. மூன்று பேர் செய்யும் வேலைக்கு எட்டுப் பேர் கூட்டம் போடும் அலுவலகத்திலிருந்து வருபவருக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சியாகவே இருக்கும்.

இதையெல்லாம் 'உள்ளுணர்வு', 'இரத்தத்தில் ஊறியது' என்று சொல்லிவிடுவது நகரத்தாரின் வழக்கம். பாராட்டுப் போலத் தோன்றும் இந்தச் சொல்லில் ஒரு குறைத்து மதிப்பிடல் ஒளிந்திருக்கிறது. மருத்துவர் நாடி பார்த்து நோய் சொன்னால் அதைப் படிப்பு என்கிறோம். வேட்டைக்காரர் தடம் பார்த்துப் பாம்பு சொன்னால் பிறவிக்குணம் என்கிறோம். இருளர் குழந்தை நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து பெற்றோர் பின்னால் வயலில் திரிகிறது. தவறாகச் சொன்னால் திருத்தப்படுகிறது. பழைய தடத்துக்கும் புதுத் தடத்துக்கும் வேறுபாடு பிடிபடப் பல பருவங்கள் ஆகின்றன. அது ஒரு நீண்ட பயிற்சி. சான்றிதழ் மட்டும்தான் இல்லை.

மிகைப்படுத்தலுக்கு எதிராக

பழங்குடி மக்கள் இயல்பிலேயே இயற்கைக் காவலர்கள் என்றொரு வாதம் இத்தகைய கட்டுரைகளில் தவறாமல் வந்துவிடும். இந்த நிகழ்வு அதை மறுக்கிறது. தோலுக்குச் சந்தை இருந்தபோது இருளர்கள் தோலுக்காகப் பாம்பைக் கொன்றார்கள். நஞ்சுக்கு விலை கிடைத்தபோது உயிரோடு விட்டார்கள். ஏழைக் குடும்பம் எதைச் செய்யுமோ அதைத்தான் செய்தார்கள். இரண்டு காலத்திலும் திறமை ஒன்றுதான். மாறியது சட்டமும் சந்தையும் அவர்களே உறுப்பினராக இருந்த ஒரு சங்கமும். பாம்பை உயிரோடு 'விட்டுவிடு' என்ற பாடத்தை நகரம் இருளரிடம் கற்றதென்று சொல்வதைவிட, இரு தரப்பும் சேர்ந்து கட்டிய ஏற்பாடு அதைச் சாத்தியமாக்கியது என்று சொல்வதே நேர்மை.

மரபு என்பதாலேயே எல்லாம் சிறந்ததும் அல்ல. எலி பிடிக்க, துளையிட்ட பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை வளைக்குள் செலுத்துவது பழைய முறை. உதடு வெந்துபோகும், நுரையீரல் கெடும். 2000களில் கையால் சுழற்றும் ஊதுகருவி அறிமுகமானபோது பல குடும்பங்கள் அதைத் தயங்காமல் எடுத்துக்கொண்டன. பழைய முறையே அழகு என்று சொல்ல, புகையை ஊத வேண்டிய தேவை இல்லாதவர்களால்தான் முடியும்.

சங்கத்தின் வழியிலும் ஓட்டை உண்டு. நஞ்சு ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பிடித்த பாம்பின் நஞ்சை வைத்துச் செய்த மருந்து, ராஜஸ்தானிலோ வங்கத்திலோ கடித்த பாம்புக்கு அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் காட்டியிருக்கிறார்கள். இது இருளரின் குறை அல்ல. ஒரே இடத்தை நம்பி நாடு முழுமைக்கும் மருந்து செய்த கொள்கையின் குறை. மற்ற வட்டாரங்களிலும் நஞ்சு திரட்ட வேண்டுமென்றால் அங்கேயும் தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். 2030க்குள் பாம்புக்கடி இறப்பைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது. பாம்பு பிடிப்போர் அதில் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் நான் கவனிக்கும் இடம்.

யாருக்கு, எதற்குக் கூலி

2023இல் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் கூட்டாக பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சமூகப் பணி என்ற பிரிவில் கொடுத்திருந்தார்கள். அறிவியல் என்ற பிரிவில் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஃபுளோரிடாவில் அவர்களை அழைத்தவர்கள் அதற்காகத்தான் அழைத்தார்கள்.

விருதைவிட முக்கியமானது கூலி. சங்கம் உறுப்பினருக்குப் பாம்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று இனவாரியாகக் கொடுக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் உத்தரவு தீர்மானிக்கிறது. உத்தரவு தாமதமானாலோ எண்ணிக்கை குறைந்தாலோ வருமானம் அப்படியே இறங்கிவிடும். பிடித்த பாம்புக்குப் பணம் உண்டு. பிடிக்காமல் சரியாகக் கடந்துபோன வளைக்குக் கிடையாது. அந்த வேறுபாட்டை மகனுக்கோ மகளுக்கோ சொல்லிக்கொடுத்த பருவங்களுக்கும் கிடையாது. ஃபுளோரிடாவில் அவர்கள் அழைக்கப்பட்டது வேறு கணக்கில்: பாம்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுடைய நேரத்துக்கும் முறைக்கும் மதிப்பு என்ற கணக்கில்.

இருளர் பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். பள்ளி நேரமும் வேட்டை நேரமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வீட்டைச் சுற்றியிருந்த வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. சென்னை நகரம் வடநெம்மேலியைத் தாண்டிப் போய்விட்டது. இந்த ஏற்பாட்டை வேறு மாநிலத்தில் நடத்த நினைக்கும் அதிகாரியோ ஆய்வாளரோ இருந்தால், பாம்புக் கூடத்துக்கு இடம் பார்க்கும் முன் இரண்டு செலவினங்களைத் திட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். மூத்த வேட்டைக்காரருக்கு, எண்ணிக்கையோடு கட்டாத மாதச் சம்பளம் ஒன்று. விடுமுறை நாட்களில் அவர் பின்னால் நடக்கும் இளையவருக்கு உதவித்தொகை ஒன்று.